மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் காது கேட்கும் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அங்கன்வாடி, பிளே ஸ்கூல், எல்கேஜி, யுகேஜி வயதுப் பிள்ளைகளின் பெற்றோரும் டீச்சர்களும் ஆடியாலஜிஸ்டான (கேட்கும் திறனைச் சோதிப்பவர்) என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்கு அரைப்பக்கம் வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

பிறந்தபோதே காது டெஸ்ட் எடுத்து ‘பாஸ்’ என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி எதற்கு?

அந்த ‘பாஸ்’ அன்றைய தேதிக்கான பதில், அவ்வளவுதான். பிறக்கும்போது ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு நிரந்தரமான கேள்விக் குறை, அதாவது காது கேட்பதில் குறை, இருக்கும் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு. பள்ளிக்குப் போகும் வயதில் இந்த எண்ணிக்கை கூடிவிடுகிறது. சில மரபணுக் குறைகள் பிறந்த பிறகு மெல்ல மெல்லத்தான் வெளிப்படும். மூளைக்காய்ச்சல் வந்தால் கேட்கும் திறன் போகலாம், அம்மைக்கட்டு என்கிற பொன்னுக்கு வீங்கி ஒரு பக்கக் காதைச் சத்தமில்லாமல் கொண்டுபோய்விடும். கர்ப்பத்தில் அம்மாவுக்கு வந்த சைட்டோமெகலோ வைரஸ் தொற்றும் ஓரிரு வருடம் கழித்துக் காதில் வேலையைக் காட்டுவதுண்டு. இவை எல்லாவற்றையும் விட அதிகம் பார்ப்பது சளியால் காதுக்குள் நீர் தேங்குவதைத்தான். அதற்கும் பிறந்த அன்று எடுத்த டெஸ்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அது போக, ‘டெஸ்ட் எடுத்தார்கள்’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல வீடுகளில் எடுக்கவே இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். ஓஏஇ (உள்காதின் எதிரொலியைப் பார்ப்பது) அல்லது பெரா (காது நரம்பின் மின் அலைகளைப் பார்ப்பது) என்று எழுதியிருந்தால்தான் எடுத்ததாக அர்த்தம்.

பின்னால் நின்று கை தட்டினால் திரும்புகிறானே! தட்டை போட்டால் கூடத் திடுக்கிடுகிறான். அப்புறம் என்ன சோதனை?

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் ஏமாற்றும் சோதனையும் இதுதான். கைதட்டல் சத்தமான ஒலி. மிதமான குறை உள்ள பிள்ளைக்குக்கூட அது கேட்டுவிடும். தட்டு விழுந்தால் தரை அதிரும், அது காலில் தெரியும். எதிரே இருக்கும் பாட்டி திரும்பிப் பார்த்தால் அவளைப் பார்த்துப் பிள்ளையும் திரும்பும். சுவரில் நிழல் அசைந்தாலே போதும். காது சரியாகக் கேட்காத பிள்ளைகளுக்குக் கண் ரொம்பக் கூர்மையாக இருக்கும்.

இன்னொன்று, கேள்விக் குறை என்றால் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறையும் என்று நினைத்துவிடுகிறோம். கனமான ஒலிகள் நன்றாகக் கேட்டு, மெல்லிய கூர்மையான ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். லாரி ஹாரன், கதவு தட்டும் சத்தம், அப்பாவின் அதட்டல் எல்லாம் கேட்கும். ஸ, ஷ, ச போன்ற ஒலிகள் காதில் விழாது. அதனால் பேச்சில் அவை இருக்காது, இருந்தாலும் வேறு எதுவோ ஆகியிருக்கும். வீட்டில் ‘மழலை’ என்று ரசித்துக்கொண்டிருப்பார்கள். மழலை அழகுதான், ஆனால் நாலு வயதிலும் அக்கம்பக்கத்தாருக்கு அவன் பேசுவது பாதி புரியவில்லை என்றால் முதலில் காதைப் பார்த்துவிடுவது நல்லது.

‘அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினார்’ என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

வேண்டாம். மாமியாரிடம் சண்டை போடவும் வேண்டாம், டெஸ்ட் எடுத்துவிட்டு வந்து காத்திருங்கள். இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும், மூன்று வயதில் வெளியாட்களுக்கும் பேச்சில் பெரும்பகுதி புரிய வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இது ஆட்டிஸமா என்று பயந்து வருகிறவர்களுக்கும் நாங்கள் முதலில் செய்வது காதுச் சோதனைதான். கேட்கிறதா இல்லையா என்று தெரியாமல் மற்ற எதையும் முடிவு செய்ய முடியாது.

வீட்டிலேயே ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

சோதனைக்கு மாற்றாக இல்லை, சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். டேனியல் லிங் என்பவர் வகுத்த முறை, அதனால் லிங் ஒலிகள் என்போம். ‘ம்’, ‘ஊ’ தாழ்ந்த பக்கம், ‘ஸ்’ மேல்பக்கம், பேச்சின் முழு வீச்சும் இந்த ஆறுக்குள் வந்துவிடும். ஃபேனையும் டிவியையும் நிறுத்துங்கள். பிள்ளைக்குப் பக்கவாட்டிலோ பின்னாலோ ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, வழக்கமாகப் பேசும் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், இடைவெளியை மாற்றி மாற்றி. கேட்டதைத் திருப்பிச் சொன்னால் போதும். வாய் தெரியக் கூடாது, மூச்சுக்காற்று கழுத்தில் படக் கூடாது. ஐந்தைச் சொல்லிவிட்டு ‘ஸ்’ஸுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் பேசாமல் இருக்கிறாள் என்றால் அதுவே போதுமான காரணம், கிளம்பி வந்துவிடுங்கள். எல்லாம் சொன்னால்? சந்தோஷம், ஆனால் ஒரு காது மட்டும் கேட்டாலும் ஆறையும் சொல்லிவிட முடியும் என்பதை மனதில் வையுங்கள்.

என்னென்ன முறைகள் இருக்கின்றன? எந்த வயதுக்கு எது?

சுருக்கமாகச் சொன்னால், இரண்டரை வயதுக்குக் கீழே சத்தம் வந்தால் திரும்புகிறதா என்று பார்த்து, திரும்பினால் பொம்மையோ விளக்கோ எரியவிட்டுப் பரிசளிக்கும் முறை. மூன்றிலிருந்து ஐந்து வரை விளையாட்டு முறையில் ஆடியோமீட்டர், அதாவது ஹெட்போனில் அளந்த ஒலிகளை விடும் கருவி. பதில் சொல்ல முடியாத அல்லது மறுக்கும் பிள்ளைக்கு ஓஏஇ. நடுக்காதைப் பார்க்க டிம்பனோமெட்ரி. இவற்றில் தெளிவு கிடைக்காவிட்டால், அல்லது குறை உறுதியானால் எவ்வளவு என்று அளக்க, பெரா. எல்லாவற்றுக்கும் முன்னால் டார்ச் வைத்த ஓட்டோஸ்கோப்பால் காதுக்குள் ஒரு பார்வை. சிலேட்டுக்குச்சி முனை, புளியங்கொட்டை, பாசிமணி எல்லாம் அங்கே இருந்திருக்கின்றன.

மூன்று வயதுப் பிள்ளை ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒழுங்காகப் பதில் சொல்லுமா?

சொல்லும், கேட்கிற விதத்தில் கேட்டால். ‘சத்தம் கேட்டா கையைத் தூக்கு’ என்றால் மூன்று வயதுப் பிள்ளை இரண்டு தடவை தூக்கும், மூன்றாவது தடவை வேடிக்கை பார்க்கப் போய்விடும். அதனால்தான் விளையாட்டு. ஒரு டப்பா, கை நிறைய மரக்கட்டைகள். முதலில் ஹெட்போனைத் தலையில் மாட்டாமல் மேஜையில் வைத்து, நன்றாகக் கேட்கும்படி ‘பீப்’ ஒன்றை விடுவேன். கட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக் காத்திருந்து, பீப் வந்ததும் ‘டொக்’ என்று டப்பாவில் போட்டுக் காட்டுவேன். அடுத்தது அவள் கையைப் பிடித்துச் சேர்ந்து போடுவது. அதற்கடுத்தது அவளே. இந்தப் பாடத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண்.

பிறகு ஹெட்போன். ஒவ்வொரு காதாக 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் (ஒலியின் கூர்மை), 20 டெசிபல் (சத்தத்தின் அளவு) அளவில். ஒவ்வொரு ஒலிக்கும் மூன்றில் இரண்டு முறையாவது சரியாகப் போட வேண்டும். இரண்டு காதிலும் எல்லா ஒலிக்கும் பதில் வந்தால் பாஸ். ஒரு காதில் ஒரே ஒரு ஒலி தவறினாலும் பாஸ் கிடையாது. அங்கேயே ஹெட்போனைக் கழற்றி மாட்டி, மறுபடி சொல்லிக்கொடுத்து, இன்னொரு தடவை பார்ப்போம்.

இதில் ஏமாறும் இடங்கள் இரண்டு. தாளம் போட்ட மாதிரி ஒரே இடைவெளியில் பீப் விட்டால் பிள்ளை தாளத்தைப் பிடித்துக்கொண்டு கேட்காமலே கட்டை போட ஆரம்பிக்கும். அதனால் நடுவில் வேண்டுமென்றே நீளமாகச் சும்மா இருப்பேன். கட்டை கன்னத்திலேயே ஒட்டியிருந்து, கண் மட்டும் மேலே போய் எங்கோ நிலைத்திருந்தால் அந்தப் பிள்ளை உண்மையிலேயே காதால் தேடுகிறது என்று தெரியும். இரண்டாவது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா. பொத்தானை அழுத்துவது தெரிந்ததும் அம்மாவின் புருவம் தன்னையறியாமல் உயரும், பிள்ளை அதைப் பார்த்துக் கட்டையைப் போட்டுவிடும். தயவுசெய்து பிள்ளையின் முதுகுப் பக்கம் உட்காருங்கள்.

ஓஏஇ என்று காதில் சின்னக் குச்சி மாதிரி வைத்து ஒரே நிமிடத்தில் முடித்துவிடுகிறார்களே, அது போதாதா?

நல்ல கருவி. உள்காதில் இருக்கும் வெளிமயிர்ச் செல்கள் ஒலியைக் கேட்டதும் பதிலுக்கு ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். இதை 1978-இல் டேவிட் கெம்ப் கண்டறிந்து வெளியிட்டார். காதில் வைக்கும் அந்த முனையில் ஒலிபெருக்கியும் மைக்கும் இருக்கின்றன, ஒலி அனுப்பி எதிரொலி வருகிறதா என்று பார்க்கும். பிள்ளை பதில் சொல்லத் தேவையில்லை, அழாமல் இருந்தால் போதும்.

குறைகளும் உண்டு. காதுக் குரும்பி அடைத்திருந்தால், நடுக்காதில் நீர் இருந்தால் எதிரொலி வெளியே வராது, உள்காது நன்றாக இருந்தும் ‘ரெஃபர்’ (இன்னும் பார்க்க வேண்டும்) என்று காட்டும். லேசான குறையைச் சில நேரம் விட்டுவிடும், சுமார் 30 டெசிபல் வரையான குறையிலும் பாஸ் வரலாம். அப்புறம் முக்கியமானது, ஓஏஇ பார்ப்பது உள்காதின் செல்களை மட்டும்தான். அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி ஒழுங்காகப் போகிறதா என்று அதற்குத் தெரியாது. பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை வந்து ரத்தம் மாற்றிய பிள்ளைகளுக்கும், இன்குபேட்டரில் நாள்கணக்கில் இருந்த பிள்ளைகளுக்கும் இந்த நரம்புக் கோளாறு வர வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு ஓஏஇ பாஸை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது, பெரா அவசியம்.

என்னைக் கேட்டால், மூன்று வயது தாண்டிய, சொன்னதைக் கேட்கிற பிள்ளைக்கு முதலில் கட்டை விளையாட்டு, முடியாவிட்டால் ஓஏஇ. சீக்கிரம் முடிகிறது என்பதற்காக எல்லாருக்கும் ஓஏஇ மட்டும் எடுத்துவிட்டுப் போகும் முகாம்கள் எனக்கு உடன்பாடில்லை.

எப்போதும் சளி. அதற்கும் காதுக்கும் என்ன?

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. சிறுபிள்ளைகளுக்கு அது குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டிலும் இருப்பதால் சளியில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காற்று போகாவிட்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். மழையில் நனைந்த பறையைக் காய்ச்சாமல் அடித்தால் எப்படி மந்தமாக ஒலிக்குமோ, அதே கதைதான். வலி இருக்காது, சீழ் வராது, காய்ச்சல் இருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. டிவி சத்தத்தைக் கூட்டுவது, ‘ஆங்? ஆங்?’ என்று கேட்பது, வகுப்பில் கவனமில்லை என்று டீச்சர் சொல்வது, இவ்வளவுதான் வெளியே தெரியும்.

இதைப் பிடிக்கத்தான் டிம்பனோமெட்ரி. காதுக்குள் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று வரைபடம் போடும். மலை உச்சி போல வந்தால் ஏ வகை, நல்லது. உச்சி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் சி வகை, குழாய் சரியாக வேலை செய்யவில்லை. தட்டையான கோடு பி வகை: நீர் இருக்கலாம், குரும்பி அடைத்திருக்கலாம், சவ்வில் ஓட்டை இருக்கலாம். எது என்று கூடவே வரும் காதுக் குழாயின் கொள்ளளவு எண் காட்டிக்கொடுக்கும், ஓட்டை இருந்தால் அந்த எண் பெரிதாக இருக்கும்.

பி வகை வந்ததும் ஆபரேஷனா என்று பதற வேண்டாம். பெரும்பாலும் நீர் தானாகவே வற்றிவிடும். அதனால் இரண்டு, இரண்டரை மாதம் விட்டு மறுபடி பார்ப்போம். மூன்று மாதம் தாண்டியும் இருந்தால், கேட்பதும் குறைந்திருந்தால், இ.என்.டி. டாக்டர் அடுத்ததை முடிவு செய்வார். அந்த மறு சோதனைக்கு வராமல் விட்டுவிடுவதுதான் பிரச்சினை.

பெராவுக்குத் தூக்க மருந்து கொடுப்பார்களாமே, ஆபத்தா?

பிள்ளை தூங்க வேண்டும் என்பதுதான் தேவை. தலையிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டும் மின்முனைகள் நரம்பிலிருந்து வரும் மிக நுண்ணிய மின் அலைகளைப் பதிவு செய்கின்றன, பிள்ளை அசைந்தால் தசையின் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும். ஷாக் எதுவும் கொடுப்பதில்லை, ஊசி கிடையாது. மூன்று வயதுக்கு மேல் தானாகத் தூங்கவைப்பது கஷ்டம் என்பதால் சிரப் கொடுப்பதுண்டு, அது டாக்டர் எடை பார்த்துக் கொடுக்க வேண்டியது, கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டியதல்ல. இதயக் கோளாறு, வலிப்பு, மூச்சுப் பிரச்சினை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

அங்கன்வாடிக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களே, அது காதுச் சோதனை இல்லையா?

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அவர்கள் பார்க்கும் பட்டியலில் கேள்விக் குறையும் இருக்கிறது. ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் வயதுக்கேற்ற கேள்விகளும் கவனிப்பும்தான், ஆடியோமீட்டர் அல்ல. சந்தேகம் வந்தால் மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கருவிகள் இருக்கும், கட்டணம் இல்லை. டீச்சர்களே, குழு வரும் நாளில் உங்களுக்குச் சந்தேகமான பிள்ளைகளின் பெயரை முன்கூட்டி எழுதி வைத்துக் கொடுங்கள். தினமும் பார்க்கிறவர் நீங்கள்தான்.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் ஆடியாலஜி துறையினர் கிராமங்களில் இன்னொரு வழியைச் செய்து பார்த்திருக்கிறார்கள். உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே ஓஏஇ எடுக்க வைத்து, தவறிய பிள்ளைகளுக்கு இணையம் வழியாகத் தொலைவிலிருந்தே பெரா பார்த்தார்கள். நகரத்துக்கு வரச் சொல்லி வராமல் போகும் குடும்பங்களுக்கு இது நல்ல வழி.

எங்கள் பிளே ஸ்கூலில் முகாம் வைக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

அறை, அறை, அறை. 20 டெசிபல் என்பது இலை உரசும் அளவு. மேலே ஃபேன் ஓட, அடுத்த அறையில் ‘நிலா நிலா ஓடி வா’ கோரஸ் கேட்க, பின்னால் குக்கர் விசில் அடித்தால் எந்தப் பிள்ளைக்கும் கேட்காது, பாதிப் பேர் தவறுவார்கள். 500 ஹெர்ட்ஸை நாங்கள் முகாம்களில் பெரும்பாலும் விட்டுவிடுவதே இந்தத் தாழ்ந்த இரைச்சலால்தான். சத்தம் அதிகம் என்று 30 டெசிபலுக்கு ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு. ஏற்றினால் எல்லாரும் பாஸ் ஆவார்கள், லேசான குறை உள்ள பிள்ளைகள் உட்பட. அங்கன்வாடி என்றால் சமையலுக்கு அடுப்பு பற்ற வைக்கும் முன், காலை நேரத்திலேயே முடித்துவிடுவது உத்தமம். சோதிப்பவருக்கே அந்த அறையில் எல்லா ஒலியும் கேட்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கருவி அந்த வருடம் அளவுதிருத்தம் செய்ததா என்றும் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

சீட்டில் ‘ரெஃபர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் பிள்ளை செவிடா?

இல்லை, ‘இன்னும் பார்க்க வேண்டும்’ என்று மட்டும்தான் அர்த்தம். சளி, குரும்பி, பயம், தூக்கம், அறைச் சத்தம் எதுவானாலும் ரெஃபர் வரும். முழுச் சோதனையில் பலருக்குக் காது சரியாகவே இருக்கும். ஆனால் இதையே காரணமாக வைத்து அந்தச் சீட்டை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. குறை உள்ள பிள்ளையும் அதே கும்பலில்தான் இருக்கிறது, யார் என்று அடுத்த சோதனைதான் சொல்லும். முகாமில் எத்தனை பேரைப் பார்த்தோம் என்று போட்டோவோடு அறிக்கை போடுகிறார்கள், ரெஃபர் ஆனவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று கணக்கெடுப்பவர்கள் குறைவு. நடத்தும் பள்ளிகள் அந்தப் பெற்றோரை மாதக் கடைசியில் ஒரு தடவை போனில் கூப்பிட்டுக் கேட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு காது மட்டும்தான் கேட்கவில்லையாம். இன்னொன்று இருக்கிறதே?

பேச்சு வந்துவிடும், அதனால்தான் வெகுநாள் தெரியாமல் போகிறது. ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது, பின்னாலிருந்து வரும் வண்டி எந்தப் பக்கம் என்று குழம்பும், இரைச்சலான வகுப்பில் பாதி விட்டுப்போகும். நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கும்படி முன்வரிசையில் உட்கார வையுங்கள், அந்த நல்ல காதை வருடத்துக்கு ஒரு முறையாவது சோதியுங்கள்.

செல்போனில் ஆப் இருக்கிறதே?

பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனமே ஹியர்ஹூ என்று ஒன்று வைத்திருக்கிறது. சிறுபிள்ளைகளுக்கு வேண்டாம். அளவுதிருத்திய ஹெட்போனோடு பயிற்சி பெற்றவர் பயன்படுத்தும் போன் வழிக் கருவிகள் வேறு, அவை சரிதான். கடையில் வாங்கிய இயர்போனில் எத்தனை டெசிபல் வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், சோதனை வேண்டும். மாமன், அத்தை பிள்ளைகளுக்குள் கல்யாணம் செய்யும்போது இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை பிள்ளைக்கு இரட்டையாக வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. பிறவிச் செவித்திறன் குறைகளில் பல இப்படி வருபவைதான், கனெக்சின் 26 என்ற மரபணு இதில் பேர் பெற்றது. தாய் தகப்பன் இருவருக்கும் நன்றாகக் கேட்கும், குடும்பத்தில் யாருக்குமே இல்லாமலும் இருக்கலாம். முதல் பிள்ளைக்குக் குறை இருந்தால் அடுத்த பிள்ளைக்குப் பிறந்த கையோடு பாருங்கள்.

காதில் எண்ணெய் விடலாமா? பட்ஸ் போடலாமா?

இரண்டும் கூடாது. பட்ஸ் குரும்பியை உள்ளேதான் தள்ளும். சவ்வில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்கே போகும்.

குறை உறுதியானால் அரசு உதவி உண்டா?

உண்டு, ஆனால் வயது ஓடிக்கொண்டிருக்கும். செவித்துணைக் கருவி போதாத அளவு கடுமையான குறை என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் கருவி. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள். பிறவிக் குறையோடு ஐந்தேகால் வயதில் வந்து நின்றால் திட்டம் கைவிட்டுப்போகாவிட்டாலும், மூளை பேச்சைக் கற்கும் நல்ல காலம் பெரும்பாலும் போயிருக்கும். மூளைக்காய்ச்சலால் கேட்காமல் போனால் இன்னும் அவசரம், உள்காது எலும்பாக இறுகத் தொடங்கிவிடும், வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு 2016 சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலாவது குறை இருக்க வேண்டும். 35, 40 டெசிபல் குறை உள்ள பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்காது, அதற்காகக் குறை இல்லை என்று ஆகிவிடாது. வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தால் அவனுக்கு டீச்சர் பேசுவது துண்டு துண்டாகத்தான் வரும். கருவி தேவையா என்று ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள்.

சோதனைக்கு வரும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள். தூங்கும் நேரத்தைத் தவிருங்கள் (பெராவுக்கு மட்டும் நேர்மாறு, அதிகாலையிலேயே எழுப்பிவிடுங்கள், பயணத்தில் தூங்க விடாதீர்கள்). இரண்டு நாள் முன்பே வீட்டில் ஹெட்போன் மாட்டி விளையாடப் பழக்குங்கள். கடும் சளி, காதில் சீழ் இருந்தால் போனில் சொல்லுங்கள், ரொம்பச் சின்னச் சந்தேகமென்றால் தேதி மாற்றிக்கொள்ளலாம், பெரிய சந்தேகமென்றால் அப்படியே வந்துவிடுங்கள். ‘ஊசி போடுவாங்க’ என்று மட்டும் மிரட்டிக் கூட்டி வராதீர்கள். பழைய டெஸ்ட் தாள்கள், பிறந்தபோது கொடுத்த சம்மரி, இப்போது சாப்பிடும் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.